இரண்டே கால் கொடி

பல்லக்காவின் கோபம் வெள்ளிக்கிழமை மாலையே ஆரம்பித்துவிட்டது. ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை. ஆறுவதற்கு நடுவில் ஒரு முழுச் சனிக்கிழமை கிடந்தது. ஆறினால்தானே! அன்று முழுக்க அவள் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்த வைப்பில் புருஷன் டிவி சத்தத்தைத் தானாகவே குறைத்துக்கொண்டான்.

அவள் பல் செட் செய்கிறவள். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரு விளக்கு, கொஞ்சம் மெழுகு, வரிசையாகப் பிளாஸ்டர் அச்சுகள். பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி. ஒரு பல் மயிரிழை தூக்கலாக இருந்தாலும் போட்டுக்கொள்கிறவருக்கு வாய் மூடாது, அதனால் அவள் கைக்கு மயிரிழை கூடத் தெரியும். அந்த நிதானம் எப்படியோ காலுக்கும் இறங்கியிருந்தது. ஓட்டக் குழுவில் மற்றவர்கள் முதல் கிலோமீட்டரில் பறந்து கடைசிக் கிலோமீட்டரில் தவழ்வார்கள். பல்லக்காவுக்கு முதலும் கடைசியும் ஒன்றுதான். அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது, அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை.

அதனால்தான் இந்த வருஷம் அரை மாரத்தானில் அவளைப் பேஸராகப் போட்டார்கள். பேஸர் என்றால் முதுகில் ஒரு கொடியைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவர். கொடியில் ஒரு நேரம் எழுதியிருக்கும். அந்த நேரத்துக்குள் முடிக்க ஆசைப்படுகிறவர்கள் அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினால் போதும். இவளுடையது இரண்டே கால் மணிக் கொடி. இருபத்தோரு கிலோமீட்டரும் சொச்சமும், கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷம் இருபத்துநாலு விநாடி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

வெள்ளிக்கிழமை கூட்டம் குழுச் செயலாளரின் கட்டில் கடை மாடியில் நடந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகளில் பன்னிரண்டு பேஸர்களும் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கொடிக்கு இரண்டு பேர். இரண்டே காலுக்கு அவளோடு இன்னொருவர் யார் என்றால், சாட்சாத் செயலாளரேதான். 

அவர் எல்லாருக்கும் ஒரு காகிதப் பட்டை கொடுத்தார். எந்தக் கிலோமீட்டரில் மணி எத்தனை ஆகியிருக்க வேண்டும் என்று அச்சடித்தது, மணிக்கட்டில் சுற்றிக்கொள்வதற்கு. கொடியின் பின்னால் ஓடப் பதிவு செய்தவர்களுக்கும் அதையே கொடுத்திருந்தார்கள். அவளிடம் வந்ததும் மட்டும் அவர் குரலில் தேன் வடிந்தது.

“ஏம்மா, வாட்ச்சை நம்பி ஓடிடாதீங்க. கூட்டத்துல வளைஞ்சு நெளிஞ்சு ஓடுவோம், வாட்ச் அந்தத் தூரத்தையும் சேத்து எண்ணிடும். கிலோமீட்டர் போர்டைப் பாருங்க, மணியைப் பாருங்க, பட்டையைப் பாருங்க. உங்களுக்குன்னே பெரிய எழுத்துல அடிச்சிருக்கேன். கண்ணாடி இல்லாமலே தெரியும்.”

மெத்தை மெத்தையாகச் சிரித்தார்கள். அவள் கண்ணாடியே போட்டதில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் கடைவாய்ப் பல் இடதா வலதா என்று தடவிச் சொல்கிறவள். ‘ஏம்மா’வாம்! அவளைவிட அவருக்கு ஒன்பது வயசு கூட. பட்டையைக் கையில் சுற்றாமல் நான்காக மடித்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்தாள். அவர் சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை, அவர் சொன்ன விதம்தான் ஏறியது.

இதெல்லாம் அவள் ஒருத்தியோடு போகிற விஷயமாக இருந்தால் கொடியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்திருப்பாள். கொடியை அவள் கேட்டு வாங்கியதே வாண்டுக்காகத்தான்.

வாண்டு அவளுடைய நாத்தனார். முப்பத்துநாலு வயசாகியும் வீட்டில் வாண்டுதான். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற வேலை. மூன்றாம் மாடி, ஆபரேஷன் அறை, கீழே ஸ்கேன், மறுபடி மூன்றாம் மாடி. பன்னிரண்டு வருஷமாகத் தள்ளிய தூரத்துக்கு உலகத்தையே ஒரு சுற்று சுற்றியிருக்கலாம். அவளுக்குக் காட்டுத்தீ அணைக்கும் படையில் சேர வேண்டும். இரண்டு வருஷமாக அதே பேச்சு. எழுத்துப் பரீட்சை தேறிவிட்டாள், எடை தூக்கிக் காட்டியாகிவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று. முறையாக அளந்த அரை மாரத்தானை இரண்டே கால் மணிக்குள் ஓடிய சான்றிதழ் வேண்டும். ஒரு விநாடி கூடினாலும் தள்ளிவிடுவார்கள். இன்னும் பதினோரு நாளில் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது, அதற்குமேல் சேர்க்க மாட்டார்கள். அதற்குள் வேறு ஓட்டம் எங்கும் கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமை விட்டால் ஆயுசுக்கும் ஸ்ட்ரெச்சர்தான்.

“தனியா ஓடினா எனக்கு வேகம் தெரிய மாட்டேங்குது அண்ணி. முதல்லயே எரிஞ்சு போயிடறேன்.”

“கொடி பக்கத்துலயே இரு. மத்ததை நான் பாத்துக்கறேன்” என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் வாயால், அவளே சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வெடிச் சத்தம் கேட்டது. இரண்டே கால் கொடிக்குப் பின்னால் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு ஓட்டல் சமையல்காரர், நல்ல தொப்பை, வாய் ஓயாதவர். “கொடி அசைஞ்சா நான் அசைவேன் மேடம்” என்று முதல் வளைவிலேயே சத்தியம் செய்துவிட்டார். வாண்டு அண்ணியின் வலது தோளை ஒட்டி, வாய் பேசாமல், ஆஸ்பத்திரி வராந்தாவில் வருவது போலவே கால் சத்தமில்லாமல் வந்தாள்.

இரண்டாவது கிலோமீட்டரில் செயலாளர் தம் வேலையைக் காட்டினார்.

“காத்து குளுகுளுன்னு இருக்கும்போதே நேரத்தைச் சேத்து வச்சுக்கணும்! வெயில் வந்தா முடியாது! வாங்க, வாங்க!” என்று கையை வீசிக்கொண்டு அவர் முன்னால் பாய்ந்தார். கொடி படபடவென்று அடித்துக்கொண்டு போயிற்று. ஒரே நேரம் எழுதிய இரண்டு கொடியில் ஒன்று ஓடினால் ஜனம் ஓடுகிற கொடியோடுதான் போகும். முப்பது பேர் போய்விட்டார்கள்.

“சார்! ஆறு இருபத்துநாலு சார்! ஆறு பத்துல போறீங்க!” என்று பல்லக்கா கத்தினாள்.

“நீங்க மெதுவா வாங்கம்மா!” என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுரீர் என்று ஏறியது. அட அயோக்கியா! எவனாவது பேஸர் என்று பெயர் வைத்துக்கொண்டு இதைச் செய்வானா? அந்த முப்பது பேரும் பதினைந்தாவது கிலோமீட்டரில் சுருண்டு விழுவார்கள், இவர் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு போய் போட்டோவுக்கு நிற்பார். போதாக்குறைக்கு ‘மெதுவா வாங்கம்மா’ வேறு. வருகிறேன், மெதுவாகத்தான் வருகிறேன், கடைசியில் யார் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்போம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாட்ச்சைப் பார்த்தாள். ஆறு இருபத்துநாலு. அடுத்த கிலோமீட்டரும் ஆறு இருபத்துநாலு. வாட்ச் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கையில் ஒரு முறை அதிர்ந்தது, ஒவ்வொரு அதிர்வும் அந்த ஆளுக்குக் கொடுக்கிற அறை போல அவளுக்கு இனித்தது.

ஐந்தாவது கிலோமீட்டர் போர்டு, வாட்ச் அதிர்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. தூக்கக் கலக்கத்தில் எவனோ தள்ளிக் கட்டியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். பத்தாவது போர்டு இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றது. அதையும் அந்தக் குழுதானே கட்டியது, அந்தச் செயலாளரின் ஆட்கள்தானே, வேறு எப்படி இருக்கும்? தண்ணீர் மேஜைகளில் கூட்டம் முட்டி மோதியது. அவள் அகலமாகச் சுற்றி விலகி ஓடினாள், பின்னால் பத்துப் பேரும் அப்படியே சுற்றினார்கள். ரவுண்டானாவில் உள்பக்கம் முழுக்க ஆட்கள், அங்கேயும் வெளிவட்டம்தான்.

பதினான்காவது போர்டைத் தாண்டியபோது வாண்டு முதல் தடவையாக வாயைத் திறந்தாள். கையில் சுற்றியிருந்த பட்டையை ஒரு தடவை பார்த்தாள், வாட்ச்சை ஒரு தடவை பார்த்தாள்.

“அண்ணி, பட்டையில ஒண்ணு இருபத்தொம்பது முப்பத்தாறுன்னு இருக்கு. நாம ஒண்ணு முப்பது இருபதுல வந்திருக்கோம். நாப்பத்துநாலு செகண்டு லேட்டு இல்ல?”

“போர்டு தப்பு.”

“மூணு போர்டுமா அண்ணி? அஞ்சுல பதினாலு செகண்டு, பத்துல முப்பத்தொண்ணு. கூடிக்கிட்டே போகுது.”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. கேட்ட தொனியிலும் குறை இல்லை. ஆனால் பல்லக்காவுக்கு அந்த நேரத்தில் காதில் விழுந்தது செயலாளரின் குரல். போர்டைப் பாருங்க, பட்டையைப் பாருங்க, கண்ணாடி இல்லாமலே தெரியும்.

“அந்தாளு குடுத்த பட்டையை வச்சுக்கிட்டு என்கிட்ட கணக்கு கேக்கறியா? கொடி உன் முதுகுல இருக்கா, என் முதுகுல இருக்கா?”

“இல்ல அண்ணி, நான் சும்மா...”

“சும்மா வாயை மூடிக்கிட்டு ஓடு. பதினாலு கிலோமீட்டர்ல எங்கயாவது உன்னைத் தடுமாற விட்டேனா? நம்பிக்கை இல்லேன்னா முன்னாடி போ, உன் செயலாளர் பின்னாடி போ!”

பின்னால் வந்த சமையல்காரர்கூடக் கப்பென்று வாயை மூடிக்கொண்டார். வாண்டு பட்டையை உள்பக்கமாகத் திருப்பிவிட்டுக்கொண்டு மறுபடி தோளை ஒட்டி வந்தாள். அண்ணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பன்னிரண்டு வருஷமாக இருந்து பழகியவள்.

பதினாறில் செயலாளர் பின்னால் போனவர்கள் தென்பட ஆரம்பித்தார்கள். ஒருத்தர் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை உதறினார். இரண்டு பெண்கள் இடுப்பில் கை வைத்து நடந்தார்கள். ஒருவன் நடைபாதையில் உட்கார்ந்தே விட்டான். பல்லக்கா ஒவ்வொருவரையும் தாண்டும்போது மனதுக்குள் எண்ணினாள். ஏழு, எட்டு, பதினொன்று. சந்தோஷம் என்று சொன்னால் பாவம், ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. பார்த்தியா வாண்டு என்று சொல்லத் திரும்பினாள். வாண்டுவின் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை.

ஆற்றுப் பாலம் வந்தது. பாதிப் பாலத்தில் வாட்ச் அதிர்ந்தது, பதினெட்டு. போர்டைத் தேடினாள். இல்லை. பாலம் முடிகிற இடத்தில், தூரத்தில், மஞ்சளாக நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாலத்தின் கோடியிலிருந்து ஓட்டம் முடிகிற ஸ்டேடியம் வாசல் வரைக்கும் அவள் நூறு தடவை ஓடிய வழி. மூன்று கிலோமீட்டர் நூறு மீட்டர், அதில் ஒரு எட்டு கூடக் குறையக் கிடையாது. பதினெட்டும் மூன்றும் சேர்த்தால் இருபத்தொன்று. அந்தப் போர்டைத் தள்ளிக் கட்டியதாக அவள் யாரையும் சொல்ல முடியாது. போர்டு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

பைக்குள் கையை விட்டாள். பட்டை வியர்வையில் ஊறி ஒட்டிக்கொண்டிருந்தது, பிரிக்கும்போது ஒரு மடிப்பு கிழிந்தது. எழுத்து பெரிதாகத்தான் இருந்தது. பதினெட்டுக்கு ஒன்று ஐம்பத்தைந்து பன்னிரண்டு. போர்டைத் தாண்டும்போது வாட்ச்சில் ஒன்று ஐம்பத்தாறு பத்து. ஐம்பத்தெட்டு விநாடி. வளைந்ததும் நெளிந்ததும் வெளிவட்டமாகச் சுற்றியதும் எல்லாம் சேர்ந்து ஐம்பத்தெட்டு விநாடி.

“வாண்டு, ஓடு.”

“என்ன அண்ணி?”

“என்னை விட்டுட்டு ஓடுடி! கொடி லேட்டு. ஒரு நிமிஷம் லேட்டு. கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷம் நாலு செகண்டு ஓடினா பிடிச்சுடலாம். ஓடு!”

வாண்டு ஒரு கணம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று நிதானிக்க நேரமில்லை. அடுத்த எட்டில் அவள் முன்னால் போய்விட்டாள். அதுவரை சத்தமே கேட்காத கால்கள் தார்ரோட்டில் தப்தப்பென்று அடித்துக்கொண்டு போவது கேட்டது.

கூடவே ஓட வேண்டும் என்று பல்லக்காவின் உடம்பு துடித்தது. பின்னால் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களிடமும் சொல்லித் தொலைக்க வேண்டும்.

“நான் தப்பு பண்ணிட்டேன். கொடி லேட்டா வருது. முடிஞ்சவங்க முன்னாடி போங்க.”

இரண்டு பேர் போனார்கள். அதில் ஒருத்தன் போகிற போக்கில் “நல்லா வந்து சேந்தீங்க மேடம்” என்று வாய்க்குள் திட்டினான். திட்டட்டும். சமையல்காரர் மட்டும், “நான் எங்க மேடம் போறது? இதுவே எனக்கு அதிகம்” என்று மூச்சு வாங்கினார்.

அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டரில் அவள் யாரைத் திட்டவில்லை என்று கேளுங்கள். வாட்ச்சைத் திட்டினாள். வாட்ச் விற்ற கடைக்காரனைத் திட்டினாள். ரவுண்டானா கட்டியவனை, தண்ணீர் மேஜை போட்டவனை, செயலாளரை, செயலாளரின் மெத்தைகளை எல்லாம் திட்டினாள். ஒன்றும் ஒட்டவில்லை. எல்லாத் திட்டும் ஒரு சுற்று சுற்றிவிட்டு அவளிடமே திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமையே அந்த ஆள் சொன்னான், வாண்டு பதினாலில் சொன்னாள், போர்டுகள் ரோட்டோரம் நின்று வாய் இல்லாமலே சொல்லின. ஒரே ஒருத்திதான் கேட்கவில்லை.

இரண்டு பதினைந்து நாற்பத்தெட்டில் அவள் கோட்டைத் தாண்டினாள். தாண்டியதும் செயலாளர் வந்துவிட்டார், மெடலும் துண்டுமாக. அவர் இரண்டு பன்னிரண்டிலேயே வந்து சேர்ந்து உடை கூட மாற்றியிருந்தார்.

“நான் அன்னிக்கே சொன்னேனேம்மா, வாட்ச்சை...”

“உங்க பின்னாடி முப்பது பேர் வந்தாங்களே சார், எங்க அவங்க? கொண்டு வந்து சேத்தீங்களா? நாலு பேரைக் காட்டுங்க பாப்போம்!”

 நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமையிலிருந்து இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தாள். அது வந்தும் ஒரு ருசியும் இல்லை, கண் வாண்டுவைத்தான் தேடியது.

வாண்டு வேலி ஓரமாக நடைபாதையில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்திருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் போனை நீட்டினாள். குறுஞ்செய்தி வந்திருந்தது. இரண்டு பதினைந்து பூஜ்யம் ஒன்பது.

ஒன்பது விநாடி.

பின்னாலேயே வந்த செயலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, “அட, ஒம்போது செகண்டுதானே? விடும்மா. நேரம் எடுக்கறவங்க நம்ம ஆளுங்கதான். நான் பேசறேன்” என்றார்.

“வேணாம் சார்” என்றாள் வாண்டு. “அங்க காட்டுல நெருப்புகிட்ட யார் பேசறது?”

அவர் கையிலிருந்த துண்டை வேலியில் போட்டுவிட்டு நகர்ந்தார்.

பல்லக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகிலிருந்த கொடி வேலியில் இடித்து வளைந்தது.

“பதினாலுலயே சொன்னேன் அண்ணி.”

“சொன்னே.”

“அப்பவே விட்டிருந்தா ஏழு கிலோமீட்டர் இருந்துச்சு. நடந்து வந்த மாதிரி வந்திருப்பேன்.”

“என்னைத் திட்டுடி. வாய்க்கு வந்தபடி திட்டு.”

“திட்டி?” வாண்டு காலுறையை உருட்டிக் கழற்றினாள். கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் பல்லக்காவால் தாங்க முடியவில்லை. “எனக்காகக் கொடி வாங்கறேன்னு சொன்னீங்க. ரெண்டாவது கிலோமீட்டர்லேருந்து அந்த ஆளைத் தோக்கடிக்கத்தான் ஓடினீங்க. நான் பக்கத்துல சும்மா ஓடிட்டு வந்திருக்கேன்.”

இல்லை என்று சொல்லப் பல்லக்கா வாயைத் திறந்தாள்.  கோபப்பட யாராவது கிடைக்க மாட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“மேடம்! மேடம்!” என்று சமையல்காரர் ஓடி வந்தார், மெடல் தொப்பையில் குதிக்க. அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். “என் ஜென்மத்துல ரெண்டே முக்காலுக்குக் கீழ வந்ததில்ல மேடம்! நீங்க இல்லேன்னா நான் பாலத்துலயே படுத்திருப்பேன். எந்திரிங்க, கொடியோட ஒரு போட்டோ!”

ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து அவளை எழுப்பிவிட்டார்கள். நடுவில் நிறுத்தினார்கள், வளைந்த கொடியை நிமிர்த்தினார்கள். சமையல்காரர் யாரிடம் போனைக் கொடுப்பது என்று பார்த்தார். உட்கார்ந்திருந்தவள் வாண்டு ஒருத்திதான்.

“தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு எடும்மா. கொடியில நம்பர் தெரியணும்.”

வாண்டு போனை வாங்கிக்கொண்டு வெறுங்காலோடு எழுந்தாள். இரண்டு எட்டு பின்னால் போய் வெயிலுக்கு முதுகு காட்டி நின்றாள். எல்லாரும் பல்லைக் காட்டினார்கள்.

“சிரிங்க அண்ணி” என்றாள் அவள். “சீக்கிரம். தரை சுடுது.”